சிவப்பு நூல் கட்டிய பானை

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து உங்கள் மடியில் விழட்டும். கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன், அத்தனையும் நிஜம்.

முத்தாலங்கால் என்ற ஊரில் ஒரு வருஷம் மழை பெய்தது. பெய்தது என்றால் சாதாரணமாக இல்லை. மீன்கள் வீட்டுக்குள் நீந்தி வந்து உறியில் ஏறிப் படுத்துக்கொண்டன. தவளைகளுக்கு ஜலதோஷம் பிடித்து அவற்றால் கத்த முடியவில்லை. அது கிடக்கட்டும். அந்த வருஷம் நடவுக்கு இறங்கிய பெண்கள் நாற்பது நாள் சேற்றை விட்டு ஏறவில்லை. ஊரெல்லாம் சேற்றுப்புண். விரல் இடுக்கு வெந்து வெளுத்து வெடித்து, கால் ஊன்றினால் உயிர் போகும். மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் எல்லாரும் நடந்தார்கள்.

அந்த ஊர் மருந்துச்சாலையில் ஆசான் ஒரு பெண். பெயர் உலகம்மை. வயது முப்பத்தாறு. அவளுடைய சீடர்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. மூத்தவர் ஆவுடையப்பன், உலகம்மையின் அப்பாவிடம் பத்து வருஷம், அவர் போன பிறகு அவளிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். இளையவர் மாசானம் வந்து நாலே வருஷம்.

நாலே வருஷம்! அதுதான் ஆவுடையப்பனின் நெஞ்சில் முள்.

"மாசானத்தண்ணே இருக்காரா?" என்று ஒரு நாள் காலையில் வந்து நின்றாள் பிரமு. நடவுக்காரி. இடுப்பில் ஒரு பூசணிக்காய்.

"என்ன வேணும்? நானும் வைத்தியன்தான்" என்றார் ஆவுடையப்பன்.

"உங்களைத் தெரியாதா அண்ணாச்சி? ஆனா இந்தப் பூசணிக்காய் அவருக்கு. அவரு களிம்பு போட்டு மூணே நாளு. பாருங்க, காலு பூ மாதிரி!"

அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். நிஜமாகவே பூ மாதிரிதான் இருந்தது. ஆவுடையப்பன் பூசணிக்காயை ஒரு பார்வை பார்த்தார். அவரிடமும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு உண்டு. கடுக்காயும் படிகாரமும் நல்லெண்ணெயில் குழைத்தது. மாசானத்துடையது வேப்பெண்ணெயும் குங்கிலியமும். ஊரில் யாரும் ஆவுடையப்பன் களிம்பு என்று சொல்லிக் கேட்டதில்லை.

மாசானம் பூசணிக்காயோடு உலகம்மையிடம் போனார்.

"அம்மா, ஏட்டுல எழுதலாமா?"

உலகம்மை எழுந்து முற்றத்துக்குப் போனாள். மணலில் குந்தி, விரலால் எழுதினாள்: *பிரமு. மூன்று நாள்.* ஒரு கோழி அதன்மேல் நடந்து போயிற்று.

ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அது அவள் அப்பா வைத்துவிட்டுப் போன பழக்கம். ஒருவர் கதைக்கு மணலும் விரலும் போதும். பலர் ஒரே கதையைச் சொன்னால் கதவில் சுண்ணாம்புக்கட்டி, சாரல் அடிக்கும்வரை இருக்கும். மருந்து போட்டவர், போடாதவர், வேறு மருந்து போட்டவர் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஏட்டில் பென்சிலால் ஏறும். மை தொட்டு எழுதியதை ஆவுடையப்பன் இருபத்திரண்டு வருஷத்தில் ஏழே தடவைதான் கண்டிருந்தார். மையில் ஏறிய மருந்துக்குக் கீழே கொடுத்தவரின் பெயர் இருக்கும். ஏழில் ஒன்றும் ஆவுடையப்பன் இல்லை. அந்த ஏட்டில் தன் பெயரை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடலாம் என்பது அவர் ஆசை. அதற்குள் அந்த நாலு வருஷத்துக்காரன் பெயர் ஏறிவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

ஏட்டுக்குப் பின்னால் சுவரில் ஒரு செப்புத் தகடு தொங்கியது. அதில் ஒரு எழுத்தும் இல்லை. அதை யாரும் கேட்டதும் இல்லை.

மறுவாரம் மாசானம் முப்பது பேரைக் கூட்டிவந்தார். முப்பது பேரும் ஒரே வாயாகப் பேசினார்கள். உலகம்மை சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் கதவில் எழுதினாள்: *முப்பது.*

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்து வந்து நின்றார்.

"தாயி, மாசானம் களிம்பு போட்டும் ஆறாதவங்க பதினோரு பேரு. பேரு, தெரு எல்லாம் இருக்கு."

"எத்தனை வீட்டுக்குப் போனீங்க அண்ணாச்சி?"

"பதினோரு வீட்டுக்கு."

"போற வழியில வேற வீடே இல்லையா?"

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

உலகம்மை அதே சுண்ணாம்புக்கட்டியால், அதே கதவில், *முப்பது* என்பதற்குப் பக்கத்திலேயே *பதினொன்று* என்று எழுதினாள். மாசானம் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, என் ஆளுங்களை என்னைவிட நீங்கதான் நல்லாத் தேடிப் பிடிக்கிறீங்க."

"சிரியும் வே, சிரியும்" என்றார் ஆவுடையப்பன். "பென்சிலுக்கு வருவோம்."

பென்சிலுக்கு அவர் பதினைந்து நாள் பாடுபட்டார். தன்னிடம் வந்த நாற்பது பேர், மாசானத்திடம் போன நாற்பது பேர், ஒருவர் விடாமல் எழுதினார். இந்தத் தடவை நேர்மையாகத்தான் எழுதினார், அதைச் சொல்லிவிட வேண்டும். அவரிடம் வந்தவர்களுக்கு நாலு நாளில் ஆறியது. மாசானத்திடம் போனவர்களுக்கு எட்டு நாள்.

"ரெட்டிப்பு, தாயி! ரெட்டிப்பு வித்தியாசம்!"

உலகம்மை காகிதத்தை முழுக்கப் படித்தாள். பிறகு எழுந்தாள்.

"கூட வாங்க."

மருந்துச்சாலைக்கு இரண்டு வாசல். கடைத்தெருப் பக்கம் ஒன்று, அங்கேதான் ஆவுடையப்பன் உட்காருவார். வாய்க்கால் பக்கம் ஒன்று, அங்கே மாசானம். அவள் முதலில் கடைத்தெரு வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"என்ன கிடக்கு?"

"செருப்பு" என்றார் அவர். ஏழெட்டு ஜோடி கிடந்தது.

பிறகு வாய்க்கால் வாசல்.

"இங்க?"

அங்கே செருப்பே இல்லை. படி முழுக்கச் சேறுதான், ஐந்து விரலும் பதிந்த சேறு.

சேற்றில் இறங்காத கால் எந்தக் களிம்புக்கும் சீக்கிரம் ஆறும் என்று ஆவுடையப்பனுக்கே தெரியும். உலகம்மை உள்ளே போய் அவர் கொண்டுவந்ததைப் பென்சிலால் ஏட்டில் எழுதினாள். ஓரத்தில் ஒரு செருப்பு வரைந்தாள்.

மூன்றாம் நாள் அவர் உலகம்மை முன்னால் வந்து நின்றார்.

"தாயி, மைக்கு என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க. எனக்கு வயசாகுது."

"அறுபது நடவுக்காரிங்க வேணும். எல்லாரும் சேத்துல இறங்குறவங்க."

"பிடிச்சுடலாம். பாதிக் காலுக்கு அவரு களிம்பு, பாதிக்கு என்னோடது. பிரிச்சுக் கொடுக்கிற வேலையை நான் பார்த்துக்கிறேன்."

"மோசமான காலெல்லாம் எனக்கு வந்து சேரும்" என்றார் மாசானம்.

"நீர் பிரிச்சா மட்டும்?"

உலகம்மை மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தாள். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்து வெளுத்தது. "இது பிரிக்கும்" என்றாள். "வெள்ளை விழுந்தா ஒரு பானை, கருப்பு விழுந்தா இன்னொண்ணு."

"இந்தக் கொட்டைக்கு வைத்தியம் தெரியுமா தாயி?"

"தெரியாது. யார்மேலயும் பொறாமையும் கிடையாது."

மாசானம் இருமினார். ஆவுடையப்பன் காது சிவந்தது.

அதோடு அவள் விடவில்லை. இரண்டு களிம்பிலும் அடுப்புக்கரியைக் கலந்து கருப்பாக்கினாள். கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு வாசனையைக் கெடுத்தாள். பிரமுவைக் கூப்பிட்டாள். அவளுக்குத்தான் ஏற்கெனவே ஆறிப்போயிற்றே, அவள் இந்த அறுபதில் சேர்த்தி இல்லை.

"பிரமு, எங்க மூணு பேருக்கும் தெரியாம இதை ரெண்டு பானையில போட்டுக் கொண்டா. ஒண்ணுல சிவப்பு நூலு, ஒண்ணுல வெள்ளை நூலு கட்டு. எதுல எதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியணும்."

"புருஷன்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"செத்தேன்" என்றாள் பிரமு. ஆனால் சொல்லவில்லை. எந்தப் பானையில் எது என்பதற்கு அடையாளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, இரண்டு பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

புளியங்கொட்டை அறுபது தடவை விழுந்தது. முப்பத்தொரு பெண்கள் கையில் சிவப்பு நூல், இருபத்தொன்பது பெண்கள் கையில் வெள்ளை நூல். தினமும் களிம்பு போடுவது மாசானம். பத்தாம் நாள் காலைப் பார்த்து, ஆறியதா இல்லையா என்று எழுதுவது ஆவுடையப்பன்.

முதல் நாளே, எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ஆவுடையப்பன் சிவப்பு நூல் பானையிடம் குனிந்தார். மூக்கை வைத்தார். கற்பூரம். இன்னும் குனிந்தார். பானையின் கழுத்தில், மண்ணுக்குள் ஊறினதுபோல, வேப்பெண்ணெய்!

'அகப்பட்டாயா மாசானம்' என்று நிமிர்ந்தார். வெள்ளை நூல் பானையை அவர் முகரவே இல்லை. தேடினது கிடைத்த பிறகு இன்னொரு பானையை எவன் முகர்வான்?

பத்தாம் நாள் பெண்கள் வரிசையில் வந்தார்கள். சிவப்பு நூல்காரியின் கால் வந்ததும் ஆவுடையப்பன் விரலை விரித்து விரித்துப் பார்த்தார். ஓர் ஓரத்தில் செம்மை தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. *ஆறவில்லை.* வெள்ளை நூல்காரியின் கால் வந்தது. அதிலும் ஓர் ஓரத்தில் செம்மைதான். ஆனால் அது ஆறுகிற செம்மை, ஆறின செம்மை என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பட்டது. *ஆறியது.*

"அண்ணாச்சி, நல்லாப் பாருங்க, எனக்கு வலியே இல்ல" என்றாள் சிவப்பு நூல் கட்டிய ஒருத்தி.

"வலிக்கு என்ன தெரியும்? கண்ணுக்குத் தெரியும்" என்றார் அவர்.

கணக்கு முடிந்தது. சிவப்பில் முப்பத்தொன்றுக்கு எட்டு. வெள்ளையில் இருபத்தொன்பதுக்கு இருபத்திரண்டு. அவர் அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். படிக்கும்போது மாசானத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

"பிரமு, முடிச்சை அவிழு" என்றாள் உலகம்மை.

பிரமு முந்தானையை அவிழ்த்தாள். சிவப்பு நூல் சுற்றிய ஒரு கடுக்காய் உருண்டு வெளியே வந்தது.

கடுக்காய். ஆவுடையப்பன் களிம்பு.

மாசானம்தான் முதலில் அசைந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆவுடையப்பன் காலில் அப்படியே விழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி! தன் மருந்தைத் தானே தோற்கடிச்ச மனுஷனை நான் பார்த்ததே இல்ல. உங்களைப் போயி என்னென்னமோ நினைச்சேன்."

"தருமராசா!" என்றது கூட்டம். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி ஓடிப்போய் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு வந்த முதல் பூசணிக்காய் அது.

ஆவுடையப்பன் பூசணிக்காயை வாங்கிக்கொண்டு மரம்போல் நின்றார். மாசானம் ஜெயித்துவிட்டான், அதுவும் என் கையாலே. ஆனால் பாருங்கள், அந்தத் தருமராசா என்கிற சொல் இருக்கிறதே, அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

கூட்டம் கலைந்தது. உலகம்மை அவரை உள்ளே கூப்பிட்டாள். மைக்கூடு திறந்திருந்தது. இரண்டு காகிதங்கள் முன்னால் இருந்தன.

"இது உங்க எழுத்து. இது நல்லபெருமாள் பத்தரு எழுத்து."

"மெட்டி செய்யற பத்தரா? அவருக்கு இங்க என்ன வேலை?"

"பத்தாம் நாளு, உங்ககிட்ட காலைக் காட்டிட்டுப் பொம்பளைங்க எல்லாம் வாய்க்கால் வாசல் வழியாப் போனாங்க இல்லையா? அங்க அவரை உட்கார வச்சிருந்தேன். மெட்டியைப் போட்டுப் பாருங்க, முகம் சுளிக்காமப் போட்டுக்கிட்டா ஒரு கோடு, கையில கட்டின நூலு நிறத்தையும் எழுதுங்கன்னு சொன்னேன். எந்த நூலு எந்த மருந்துன்னு அவருக்குத் தெரியாது. மருந்து போட்டாங்கன்னே தெரியாது."

ஆவுடையப்பன் பத்தரின் காகிதத்தை எடுத்தார். சிவப்பு, முப்பத்தொன்றுக்கு இருபத்திமூன்று. வெள்ளை, இருபத்தொன்பதுக்குப் பதினாலு.

மறுபடி படித்தார்.

"அப்படின்னா என் களிம்பு..."

"ஆமா."

"என் களிம்பு நல்ல களிம்பு."

"நல்ல களிம்பு அண்ணாச்சி. எதை மையில எழுத?"

வெளியே மாசானம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "எங்க அண்ணாச்சி மாதிரி உண்டா?"

"இது யார் யாருக்குத் தெரியும் தாயி?"

"உங்களுக்கும் எனக்கும்."

அவர் வெகுநேரம் இரண்டு காகிதத்தையும் பார்த்தார். ஒன்றில் அவர் பெயர் ஏட்டில் ஏறும், தருமராசா இறங்கிவிடுவார். இன்னொன்றில் தருமராசா நிற்பார், ஏட்டில் மாசானம் இருப்பான்.

"நான் பொய் எழுதல தாயி."

"தெரியும்."

"செம்மை தெரிஞ்சுது. என் கண்ணால பார்த்தேன்."

"தெரியும்."

"பின்ன எப்படி?"

அவள் எழுந்து போய் இரண்டு பானைகளையும் கொண்டுவந்து வைத்தாள். சிவப்பு நூல் பானையை அவர் பக்கம் தள்ளினாள்.

"பிரமு வச்சிருந்த பானையில ஒண்ணு வழியில உடைஞ்சு போச்சாம். அவ வீட்டு வேப்பெண்ணெய்ப் பானையைக் கழுவிக் கொண்டாந்திருக்கா. இன்னைக்குத்தான் சொன்னா."

அவர் முகர்ந்தார். பிறகு, முதல் தடவையாக, வெள்ளை நூல் பானையை முகர்ந்தார். கற்பூரத்துக்கு அடியில், மெல்லிசாக, வேம்பும் குங்கிலியமும்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"களிம்பைக் கருப்பாக்கினேன். பானையை மூடினேன்" என்றாள் உலகம்மை. "உங்க மூக்கை மறந்துட்டேன் அண்ணாச்சி. தப்பு என்னோடது."

ஆவுடையப்பன் எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஓய் மாசானம். உள்ள வாரும்."

வந்தார். இரண்டு காகிதத்தையும் ஆவுடையப்பனே அவர் கையில் கொடுத்தார். பானையை முகர்ந்ததையும் சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருக்கு வியர்த்திருந்தது.

மாசானம் படித்தார். தலையைச் சொறிந்தார். இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஊர்ல என் களிம்பைப் பத்தி எவ்வளவோ பேரு பெருமையாப் பேசியிருக்காங்க. ஆனா உங்க அளவுக்கு யாரும் பாடுபட்டதில்ல."

"பூசணிக்காயை நீரே எடுத்துக்கிடும் வே."

"வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ஒண்ணு வந்தது. தின்னு தின்னு சலிச்சுப் போச்சு."

உலகம்மை மையைத் தொட்டாள். பத்தரின் கணக்கை எழுதினாள். கீழே, கொடுத்தவர் ஆவுடையப்பன் என்று எழுதினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த எழுத்து, மை காய்வதற்குள் மங்கலாகத் தெரிந்தது. கண்ணில்தான் ஏதோ.

அவள் நிறுத்தவில்லை. ஏட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, மருந்துகளுக்கெல்லாம் முன்னால், ஒரு வரி எழுதினாள்:

*பானை புதிதாக இருக்கட்டும். கற்பூரம் இரண்டு பங்கு. சொன்னவர் ஆவுடையப்பன்.*

"மறுபடியும் என் பேரா?" என்றார் அவர்.

"இது பெரிய இடம் அண்ணாச்சி."

மாசானம் அதைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு இடத்துல" என்று மட்டும் முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பில் ஒரு சின்ன முள் இருந்தது. அது எந்த ஊர் முள் என்று ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அந்தத் தெம்பில் அவர் சுவரைக் காட்டினார்.

"தாயி, அந்தச் செப்புத் தகடு எதுக்கு?"

"கீழக்கால்ல ஒருத்தி இதே மாதிரி கொட்டை உருட்டிப் பார்த்துக்கிட்டிருக்கா. மேலூர்ல ஒருத்தரு. ஆத்துக்கு அக்கரையில ரெண்டு பேரு. எல்லாருடைய கணக்கும் வரணும். நல்லா வந்ததும் வரணும், நல்லா வராததும் வரணும். அத்தனையையும் ஒண்ணாக் கொட்டிப் பார்த்த பிறகு, அதுல வெட்டணும்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"அப்பா காலத்துல முடியல."

"நான் காத்திருப்பேன்" என்றார் ஆவுடையப்பன். மாசானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அதுல பேரை எந்தப் பக்கம் வெட்டுவீங்க? மேலயா, கீழயா?"

"செம்புல பேரு வெட்டுற வழக்கம் இல்ல."

"ஏன் தாயி?"

உலகம்மை மைக்கூட்டை மூடினாள்.

"அவ்வளவு ஊரும் சேர்ந்து சொன்ன பிறகு, அது யாரு மருந்து அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் மாசானமும் அதையே செய்தார்.

அவ்வளவுதான். கேட்டதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். உலகம்மை காதில் விழுந்தால், நான் கற்பூரம் அணைத்ததையும் பல்லைப் பந்தயம் வைத்ததையும் அவள் சட்டையே செய்யமாட்டாள். ஒருவர் கதை என்று விரலை எடுத்துக்கொண்டு நேராக மணலுக்குப் போய்விடுவாள். அந்தக் கோழி இன்னும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கிறது.